லோடில்தான் தெரியும் பேட்டரியின் பலம்

மதுரை பைபாஸ் ரோட்டோரத்துப் பேட்டரிக் கடையில் சித்திரை மாதம் வேலை ஓய்வதில்லை. நம் ஊரில் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது வெயில்தான். சூட்டில் உள்ளிருக்கும் தண்ணீர் வற்றுகிறது. ஈயத் தகடுகள் சீக்கிரம் அரித்துப்போகின்றன.

"செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுண்ணே. புதுசு போட்டுருவோமா?" என்று வந்தார் ஒரு கார்க்காரர். கடைக்கார அண்ணன் விலை சொல்லவில்லை. பானட்டைத் திறந்து, டெர்மினலில் பூத்திருந்த உப்பைத் துடைத்துவிட்டு மல்டிமீட்டரை வைத்தார். 12.1 வோல்ட். ஆறு செல் பேட்டரி முழு சார்ஜில், ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட்டாவது காட்ட வேண்டும். 12.2 என்றாலே சார்ஜ் பாதிதான்.

"இப்ப இது பட்டினியா கெடக்கு. நோயா இல்லையான்னு சோறு போட்டுப் பார்த்தாத்தான் தெரியும் சார்" என்றபடி நெகட்டிவ் முனையை முதலில் கழற்றினார். ஸ்பேனர் பாடியில் உரசினாலும் ஷார்ட் ஆகாமலிருக்க அதுவே முறை.

இரவு முழுக்க சார்ஜ் ஏறியது. மறுநாள் காலை மூடிகளைத் திறந்து, ஒவ்வொரு செல்லின் ஆசிட்டையும் ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சி அடர்த்தி பார்த்தார். ஐந்து செல்களில் 1240-ஐ ஒட்டி நின்ற மிதவை, ஆறாவதில் 1160-க்கு இறங்கியது. 50 புள்ளி வித்தியாசம் வந்தாலே அந்த செல் போய்விட்டது என்பது தொழில் கணக்கு. இருந்தும் லோடு டெஸ்டரைப் பிடித்தார். பேட்டரியின் கிராங்கிங் ஆம்பியரில் பாதியை 15 வினாடி இழுக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. முள் அதற்கும் கீழே விழுந்தது. "மாத்திருங்க சார்."

அருகில் சார்ஜில் இருந்த இன்னொன்றும் ‘டவுன்’ என்று வந்ததுதான். மாதக்கணக்கில் ஓடாத வண்டியின் பேட்டரி. லோடு கொடுத்தபோது 10 வோல்ட்டுக்கு மேலேயே நின்றது. சார்ஜ் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, சார்ஜிங் 14 வோல்ட்டை ஒட்டி வருகிறதா என்றும் பார்த்தார். ஆல்டர்னேட்டர் கெட்டிருந்தால் புது பேட்டரியும் படுத்துவிடும். புதிது விற்கும் லாபத்தை விட்டு உண்மையைச் சொல்லும் இந்த நேர்மையும் தொழில் திறமையின் பகுதி என்றே நான் கருதுகிறேன்.

உதவிக்கு நிற்கும் தம்பியின் சட்டையெங்கும் ஆசிட் தின்ற ஓட்டைகள். கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒரு பொறியில் வெடிக்கும். ஆசிட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கையுறையும் கண்ணாடியும் வாங்கித் தருவது முதலாளிகளின் கடமை.

புது பேட்டரிக்குப் பணம் எடுக்கும் முன், முழுதாக சார்ஜ் ஏற்றி லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். வோல்ட் எவ்வளவு என்று கேளுங்கள். பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022 பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன. ஆகவே அதைக் கடையிலேயே ஒப்படையுங்கள். தெருவோரம் உடைத்து உருக்கினால் அந்த ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் சேரும்.