அடுத்த தெருவின் வாசல்

"ஹஜ்ரத், மூன்று வயதுப் பிள்ளையை எங்கே விட்டுச் செல்வது?" குன்றத்தூரிலிருந்து ஒரகடம் ஆலைக்குச் செல்லும் சகோதரி ஒருவர் கேட்டார். "ஐந்து வயதானதும் மக்தபுக்கு அனுப்புங்கள்" என்றேன். அவர் வேலையை விட்டுவிட்டார்.

பின்னரே அறிந்தேன். 1975 அக்டோபர் 2இல் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி அடுத்த தெருவிலேயே இருந்தது. பாட்டு, கதை, மதிய உணவு, கட்டணம் எதுவுமில்லை. ஆயினும், ஆலையின் பணிநேரம் முடியுமுன்னரே அது மூடப்பெறும். 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தை 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தின் திருத்தம் கட்டாயமாக்கியது. அதையும் அவருக்கு எடுத்துரைப்பார் இல்லை.

இல்மைத் தேடுவது கடமையென முப்பதாண்டுகள் போதித்த நான், அண்டை வீட்டாருக்கு வேண்டிய இல்மைத் தேடவில்லை. இப்போதெல்லாம் ஜும்ஆ முடிந்ததும், அங்கன்வாடி இருக்குமிடத்தைச் சொல்லிவிட்டே எழுகிறேன்.