எப்போதும் மார்கழி

ஸ்வீடன் தேசத்தின் மேற்குக் கரையில், யோத்தா ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த கோத்தன்பர்க் நகரத்தில், மகள் வீட்டில் இரண்டு மாத காலம் தங்கியிருந்தபோது, அடுத்த வீட்டிலே தனியாக வசித்துவந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தம்முடைய பழைய காரின் வியாதியைப் பற்றி என்னிடம் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவது வழக்கமாக இருந்தது. பனிக்காலம் முழுவதும் ஒரு குறையுமின்றி ஓடுகிற வண்டி, வெயில் தலைகாட்டத் தொடங்கியதும் மேட்டில் ஏற மூச்சுத் திணறுகிறது. என்ஜினுக்குள்ளே யாரோ சிறு சுத்தியால் தட்டுவதுபோன்ற சத்தம் கேட்கிறது. நகரத்திலுள்ள ஒரு பெரிய பட்டறையில் விட்டதற்கு, காற்றை அளக்கும் கருவி கெட்டுப்போயிற்று என்று சொல்லிப் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். மறுவருஷமே அதே கருவி, அதே தீர்ப்பு, அதே பெருஞ் செலவு. மூன்றாவது வருஷமும் மே மாதம் வந்துவிட்டது, வியாதியும் கூடவே வந்துவிட்டது என்றார் அந்த அம்மாள்.

வண்டி 1991-ஆம் வருஷத்திய வால்வோ 240. நம் ஊரில் வால்வோ என்றால் குளிர்சாதன பஸ்தான் ஞாபகத்துக்கு வரும்; 'நான் உருளுகிறேன்' என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது. கோத்தன்பர்க்கை ஒட்டிய ஹிஸிங்கன் தீவிலிருந்து 1927 ஏப்ரல் 14-ஆம் தேதி அந்தக் கம்பெனியின் முதல் கார் வெளியே உருண்டு வந்தது. 1974 முதல் 1993 வரை தயாரிக்கப்பட்ட 200 வரிசைக் கார்கள் மட்டும் 28 லட்சத்துக்கும் அதிகம். செங்கல்லைப்போல நேர்க்கோடாக வெட்டிய உடலும், சிவப்பு வர்ணம் பூசிய இரும்பு என்ஜினும் கொண்ட அந்த வண்டிகளை, அவற்றோடு கூடவே வயதாகிப்போன சில பட்டறைக்காரர்கள் இன்னும் கைவிடாமல் காப்பாற்றி வருகிறார்கள் என்றும், அப்படிப்பட்டவர் ஒருவரிடம் மறுநாள் காலையில் வண்டியைக் கொண்டுபோவதாகவும் அந்த அம்மாள் சொன்னபோது, வேலை எதுவாயினும் அதைச் செய்கிறவன் பக்கத்தில் நின்று பார்ப்பதில் எனக்குள்ள பழைய ஆசையினால், நானும் கூட வருகிறேன் என்றேன்.

பட்டறை ஹிஸிங்கனில், ஒரு காலத்தில் கப்பல் கட்டும் துறைகளின் பேரிரைச்சல் ஓயாது கேட்டுக்கொண்டிருந்து, அவை மூடப்பட்டபின் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்ட ஆற்றங்கரைக்குச் சற்றுப் பின்னால், ஒரு சந்தில் இருந்தது. எழுபது வயதை எட்டிவிட்ட பெரியவர் ஒருவரும், உயர்நிலைப் பள்ளியில் வாகனத் தொழிற்பிரிவில் படிக்கும் பெண் ஒருத்தியும் அங்கே இருந்தனர். தொழிற்கல்வி பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் பதினைந்து வாரமேனும் மெய்யான பணியிடத்தில் கழித்தாக வேண்டுமென்பது அந்நாட்டின் விதி. அவள் பெரியவரைப் பெயர் சொல்லியே அழைத்தாள். 'நீ' என்றே பேசினாள். அவமரியாதையால் அல்ல; சிறியவர் பெரியவர் எல்லாரும் ஒருவரையொருவர் 'நீ' என்பதே அங்கே வழக்கம். எனக்குக் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் ஒரு திருகாணியைப் பார்க்கும்போது அவள் அவர் முகத்தைப் பார்த்த பார்வையில், நம் ஊர்ப் பட்டறைகளில் 'அண்ணே' என்ற சொல்லிலே அடங்கியிருக்கும் பணிவு முழுவதும் இருந்தது.

பெரியவர் முதலிலே எந்தக் கருவியையும் கையில் எடுக்கவில்லை. ஆசிரியையிடம் மூன்று கேள்விகள் கேட்டார். குளிரில் சரியாக ஓடுகிறதா? வெயிலில் மட்டுந்தான் தொந்தரவா? முன்னே மாற்றிய கருவி எத்தனை மாதம் உழைத்தது? பதில்களைக் கேட்டுவிட்டு, என்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிடச் சொல்லி, முன் விளக்குக்குப் பின்னாலுள்ள கறுப்புப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். வெளியே சுவரில் தொங்கிய வெப்பமானி 14 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. பெட்டியோ, இட்லிப் பானையின் மூடியைப்போலச் சுட்டது.

"இதுதான் வண்டியின் மூக்கு. வசந்த காலத்தில் மூக்கு இவ்வளவு சுடலாமா?" என்றார்.

அந்தப் பெட்டியின் அமைப்பை வாசகர்களுக்குச் சற்று விளக்கினால்தான் மேலே நடந்தது விளங்கும். என்ஜின் உட்கொள்ளும் காற்று இரண்டு வழிகளில் அதற்குள் வருகிறது: ஒன்று, வண்டியின் முகப்பிலிருந்து வரும் குளிர்ந்த காற்று, மற்றொன்று, புகைபோக்கிக் குழாயின்மேல் கவிந்திருக்கும் தகட்டினடியில் சூடாகி, மடிப்பு மடிப்பான அலுமினியத் தாள் குழாய் வழியாக வரும் உஷ்ணக் காற்று. உறைபனிக் காலத்தில் சில்லென்ற காற்றில் பெட்ரோல் சரிவர ஆவியாகாது. பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளிலோ, பெட்ரோல் ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சியால் காற்றிலுள்ள ஈரம் உள்ளேயே பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்துவிடுவதும் உண்டு. ஆதலால், குளிரில் சூடான காற்றையும் வெயிலில் குளிர்ந்த காற்றையும் மாற்றி மாற்றித் திறந்துவிட ஒரு சிறு பலகை வேண்டியிருக்கிறது. அதை ஆட்டிவைப்பதுதான் காற்றுத் தெர்மோஸ்டாட். ஏரி மடையில் பலகையை ஏற்றி இறக்கி இந்தப் பாசனத்துக்கு இவ்வளவு தண்ணீர் என்று பங்கிட்டுக் கொடுக்கும் மடைக்காரனுடைய உத்தியோகம் அது.

இந்த மடைக்காரனுக்கு மின்சாரமில்லை, மூளையில்லை. உள்ளே ஒரு சிமிழில் அடைத்த மெழுகுதான் இருக்கிறது. மெழுகு உருகும்போது கன அளவில் பெருகும் என்ற சாதாரண உண்மையைக் கொண்டு, செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930-களில் கண்டுபிடித்த உபாயம் அது. சூடு ஏறினால் மெழுகு பெருகி ஓர் ஊசியை வெளியே தள்ளும். ஊசி பலகையைத் தள்ளி உஷ்ணக் காற்றின் வாயை மூடும். குளிர்ந்தால் மெழுகு சுருங்கும். சுருள்வில் பலகையைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஏறத்தாழ 5 டிகிரியில் முழுவதும் உஷ்ணக் காற்று, ஏறத்தாழ 15 டிகிரியில் முழுவதும் குளிர்ந்த காற்று. இடையில் இரண்டும் கலந்து. ஆண்டுகள் பலவாகி, அந்த மெழுகு சிமிழிலிருந்து கசிந்துபோனாலோ வீரியமிழந்து பெருக மறுத்தாலோ என்ன ஆகும்? சுருள்வில் மட்டும் தன் கடமையை விடாமல் செய்துகொண்டிருக்கும். வெளியே கத்திரி வெயில் கொளுத்தினாலும், செத்துப்போன மெழுகுக்கு எப்போதும் மார்கழிதான். ஆகவே என்ஜினுக்கு எப்போதும் உஷ்ணக் காற்றுதான்.

பெண் ஒரு நீண்ட முள் வைத்த வெப்பமானியைப் பெட்டிக்குள் செலுத்திப் பார்த்து, "60" என்றாள். பெரியவர் ஒரு பழைய அட்டையின் பின்பக்கத்தில் அவளைக் கணக்குப் போடச் சொன்னார். சூடேறிய காற்று அடர்த்தி குறையும் அல்லவா? 14 டிகிரிக் காற்றுக்குப் பதிலாக 60 டிகிரிக் காற்றை இழுத்தால், ஒவ்வொரு மூச்சிலும் ஏழில் ஒரு பங்கு காற்று குறைவாகவே என்ஜினுக்குக் கிடைக்கிறது என்று கணக்கு வந்தது. மேட்டில் வண்டி திணறியதன் காரணம் அது. சூடான காற்றோடு கலந்த பெட்ரோல், தீப்பொறிக்குப் பின் ஒழுங்காக எரிந்து முடிவதற்குள் மிச்சப்பகுதி தானே வெடித்துவிடும் சுபாவமுடையது. சுத்தியால் தட்டுகிற சத்தத்தின் காரணம் அது.

அப்படியானால் இரண்டு முறை மாற்றிய அந்த விலையுயர்ந்த கருவி? அதையும் எனக்குக் காட்டினார்கள். பெட்டியை ஒட்டியே பொருத்தியிருக்கும் ஒரு குழாய். அதன் நடுவே தலைமயிரைப்போன்ற மெல்லிய பிளாட்டினக் கம்பி. கடந்துசெல்லும் காற்றைவிட ஒரு குறிப்பிட்ட அளவு அதிக உஷ்ணத்தில் அந்தக் கம்பியை வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ அதைக்கொண்டு காற்றின் நிறையை அளந்து, அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். கருவியைப் பெட்டியிலிருந்து கழற்றி, மின்இணைப்பையும் என்ஜின் பக்கத்துக் குழாயையும் விட்டுவைத்து, என்ஜினைச் சிறிது ஓட்டி நிறுத்திய பெரியவர், "கண்ணை எடுக்காமல் பாருங்கள்" என்றார். சில வினாடிகள் கழிந்தன. திடீரென்று அந்தக் கம்பி செந்நிறமாக ஒரு வினாடி ஒளிர்ந்து அணைந்தது. ஒட்டியிருக்கும் தூசியையும் எண்ணெய்ப் பசையையும் சுட்டெரிக்க, ஓட்டம் நின்றபின் ஏறத்தாழ 1000 டிகிரிக்குத் தன்னைத்தானே காய்ச்சிக்கொள்ளும் சுத்திகரிப்பு அது. பகல் வெளிச்சத்திலும் கண்ணுக்குத் தெரிந்த அந்தச் சிறு கனலைப் பார்த்தபோது, இதை வடிவமைத்தவனுடைய சிரத்தையை நினைத்து ஒரு கணம் நான் பேச்சிழந்து நின்றேன்.

"இவன் நல்லவன்" என்றார் பெரியவர், அந்தக் கருவியைத் துணியால் துடைத்தபடி. "முன்னே போனவனும் நல்லவனாகத்தான் இருந்திருப்பான். ஆனால் குளிரிலும் வெயிலிலும் ஓயாமல் உலைக்காற்றில் உட்காரவைத்தால், உள்ளே இருக்கும் மின்பலகை எத்தனை நாள் தாங்கும்? செத்தவனை எடுத்துவிட்டுப் புதியவனை அதே அடுப்பில் உட்காரவைத்தார்கள். கொன்றவனை யாரும் பார்க்கவில்லை."

அதன் பிறகு நடந்த பரீட்சை, எந்தப் பெரிய ஆராய்ச்சிசாலையிலும் நடக்கக்கூடியதைவிடக் குறைந்த சம்பிரமத்தோடும், குறையாத ஒழுங்கோடும் நடந்தது. பெட்டியின் பிடிகளைத் தளர்த்தி, வடிகட்டியை எடுத்து, அடிப்பாகத்திலிருந்து தெர்மோஸ்டாட்டைப் பலகையோடு வெளியே எடுத்தாள் அந்தப் பெண். பெரியவர் காப்பிக்குப் பால் வைத்திருக்கும் குளிர்ப்பெட்டியைத் திறந்தார். பால் டப்பாவுக்குப் பக்கத்தில் புதிய தெர்மோஸ்டாட் ஒன்று காலையிலிருந்தே காத்திருந்தது. பழையதை ஒரு கையிலும், புதியதை மறு கையிலும் அவளிடம் கொடுத்து, இரண்டையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பேசாமல் இருக்கும்படி சொன்னார். எல்லாரும் காத்திருந்தோம். உடம்புச் சூட்டில், புதியதன் ஊசி, நத்தை தலையை நீட்டுவதுபோல் மெல்ல மெல்ல வெளியே வந்து பலகையைத் தள்ளியது. பழையது அசையவேயில்லை. அவசரப்பட்டு முடிவுகட்டலாகாது என்று, பழையதை வெந்நீர்க் கிண்ணத்திலும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அசையவில்லை. புதிய பொருளையும் பரீட்சை செய்யாமல் பொருத்துவதில்லை என்பது அவருடைய விரதம். "புதியது என்பதும் நல்லது என்பதும் வேறு வேறு" என்றார்.

பொருத்தும் வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. பலகை எந்தப் பக்கமும் உரசாமல் ஆடுகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தார்கள். கிழிந்து தொங்கிய அலுமினியத் தாள் குழாயை மாற்றினார்கள். மூடியின் விளிம்பு காற்றுப் புகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று சுற்றிலும் தடவிப் பார்த்தார்கள். மறுபடியும் கால் மணி நேரம் என்ஜின் ஓடிற்று. மறுபடியும் பெட்டியின்மேல் கை வைத்தோம். வெதுவெதுப்புக்கூட இல்லை.

காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வந்தன. வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் சமமாக உட்கார்ந்து அருந்தும் அந்த இடைவேளையை 'ஃபீக்கா' என்கிறார்கள். நம் ஊரிலே பழைய வண்டிகள் கொதிக்க ஆரம்பித்தால், மெக்கானிக்குகள் தண்ணீர் வழியிலுள்ள தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, 'நம்ம வெயிலுக்கு இது எதுக்குங்க' என்று சொல்லும் வழக்கத்தை நான் அவரிடம் சொன்னேன். பெரியவர் சிரிக்கவில்லை, யோசித்துவிட்டுச் சொன்னார்: "தண்ணீர்த் தெர்மோஸ்டாட் விஷயத்தில் அவர்கள் செய்வது தப்பு. வெளியே எந்த வெயிலானாலும் என்ஜினுக்குள்ளே அதற்கென்று ஓர் உஷ்ணம் வேண்டும். அது வராவிட்டால் பெட்ரோலும் வீண், இரும்பும் தேயும். காற்றுத் தெர்மோஸ்டாட் விஷயத்தில் அவர்கள் சொல்வதுதான் சரி. உங்கள் ஊரில் எத்தனை டிகிரிவரை குளிரும்?" சென்னையில் 15-க்குக் கீழே இறங்குவது அபூர்வம் என்றேன். "அப்படியானால் அங்கே உஷ்ணக் காற்றின் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம். இங்கே அடைத்தால், ஜனவரியில் இந்த அம்மாள் என்னைத் திட்டுவார்."

ஒரே பெயருடைய இரண்டு பொருள்களில், ஒன்றைப் பற்றி நம்மவர்கள் செய்யும் தவறையும் மற்றொன்றைப் பற்றிச் சொல்லக்கூடிய நியாயத்தையும், நம் ஊரை ஒருநாளும் பார்த்திராத ஒருவர் ஒரு மிடறு காப்பியில் பிரித்துக் காட்டிவிட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவருடைய வித்தை கையில் மட்டும் இல்லை. எது காரணம், எது காரியம், எது எந்த ஊருக்கு உரியது என்று பகுத்துப் பார்க்கும் விவேகத்தில் இருக்கிறது. கருவியை மாற்றுவதற்கு ஸ்பேனர் போதும். மாற்ற வேண்டியது எது என்று தெரிவதற்குத்தான் நாற்பது வருஷம் வேண்டியிருக்கிறது. அந்த அம்மாளின் ரசீதைப் பார்த்தேன். அன்றைய செலவு முழுவதும், முந்திய வருஷங்களில் ஒருமுறை அந்தக் கருவிக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பகுதிக்குமேல் இல்லை.

இத்தகைய பழைய வண்டியை வைத்திருக்கிறவர்கள் யாரேனும் இதைப் படிப்பீர்களானால், ஒரு வார்த்தை. வெயில் நாளொன்றில் என்ஜின் நன்றாகச் சூடானபின், காற்று வடிகட்டிப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அது சுட்டால், வேறு எதையும் விலை கொடுத்து வாங்குமுன், உள்ளே அந்தப் பலகை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.