சிம்யுலேட்டருக்கு ஒரு தமிழ்க் குரல்

திங்கள், சுவா, மலேசியா

ஃபிளைட்கியர் இன்று வாய் திறந்தது. 1997இலிருந்து தன்னார்வலர்கள் கூடி வளர்த்து, இலவசமாகவே தரும் விமான சிம்யுலேட்டர் இது. கட்டுப்பாட்டுக் கோபுரம் பேசினாலும் பயிற்சியாளர் பேசினாலும் இதுவரை திரையின் உச்சியில் ஒரு வரி எழுத்தாக வந்து மறையும். ஓடுபாதையில் கண் வைத்திருப்பவன் அதை எப்போது படிப்பது? எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான ஃபெஸ்டிவல் என்ற பேச்சுப்பொறியைப் பின்னணியில் ஓடவிட்டு, 1314ஆம் போர்ட்டில் இணைத்தேன். எழுத்தாக வந்ததெல்லாம் இப்போது குரலாக வருகிறது. கோபுரத்துக்கு ஒரு குரல், துணை விமானிக்கு வேறொன்று என்று பிரித்தும் வைக்கலாம். பள்ளி விட்டு வந்து ஹெட்ஃபோன் மாட்டிய அண்ணன் மகன் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் கழற்றினான்.

புதன்

இன்று எண்களோடு மல்லுக்கட்டு. 1998இல் செம்பனைக்கு நடுவே திறந்த சிப்பாங் விமான நிலையம் எங்களுக்குப் பக்கம்தான். அதன் ஓடுபாதைகளில் ஒன்று 33. பேச்சுப்பொறியிடம் அப்படியே கொடுத்தால் ‘தேர்ட்டி த்ரீ’ என்கிறது. வானொலியில் அது கூடாது. ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். அதிலும் 3 என்றால் ‘ட்ரீ’, 5 என்றால் ‘ஃபைஃப்’, 9 என்றால் ‘நைனர்’. இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் குழம்பாமலிருக்க உலகம் முழுவதும் வைத்திருக்கும் வழக்கம். ஏர் ஏசியா விமானத்துக்குத் திரையில் ஏஎக்ஸ்எம் என்று இருக்கும். கோபுரம் அதை ‘ரெட் கேப்’ என்றே கூப்பிடும். இதையெல்லாம் ஓர் அட்டவணையாக எழுதி, எழுத்து குரலாகும் முன் அதன் வழியே போகவிட்டேன்.

இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. 1977 மார்ச் 27இல் தெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டம் ஒரு காரணம். வானொலியில் சொன்னது ஒன்று, விளங்கிக்கொண்டது ஒன்று என்பது இன்னொரு காரணம். பிள்ளை விளையாட்டாகக் கேட்டாலும் காது சரியாகவே பழகட்டும்.

வெள்ளி

கோபுரம் ஆங்கிலத்திலேயே பேசட்டும், வானத்தில் அதுதான் பொதுமொழி. கற்றுத்தரும் குரல் தமிழாக இருந்தே ஆகவேண்டும். தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படிக்கிற பிள்ளை, திராட்டில் எதற்கு என்பதை மட்டும் ஏன் தட்டுத்தடுமாறிப் புரிந்துகொள்ள வேண்டும்? செஸ்னா 172 விமானப் பயிற்சிப் பாடத்தின் கோப்பைத் திறந்து வரி வரியாகத் தமிழில் எழுதினேன். பாடத்தின் ஒவ்வொரு படிக்கும் ஓர் ஒலிக்கோப்பு சேர்க்க அதில் வழி உண்டு.

ஈஸ்பீக் என்ற இன்னொரு பேச்சுப்பொறி தமிழ் பேசும். காசு வேண்டாம், இணையமும் வேண்டாம். ஆனால் குரல் தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கிறது, பத்து நிமிடம் கேட்டாலே அலுப்பு. மைக்ரோசாஃப்டின் அஷூர் சேவையில் மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூர்யா என இரண்டு குரல்கள் உள்ளன. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர்த் தமிழுக்குத் தனித்தனிக் குரல்கள் இருக்கும் வரிசையில் நம் நாட்டுக்கும் இடம் கிடைத்திருப்பதைப் பார்த்தபோது உள்ளபடியே மகிழ்ந்தேன். கனியை எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு

இன்று கனி முதன்முதலாகப் பாடம் நடத்தினாள். வேகமானியின் முள் 55 நாட் வேகத்தைத் தொட்டது. “வேகம் ஐம்பத்தைந்து நாட்டை எட்டிவிட்டதால் யோக்கை மெதுவாக உன் பக்கம் இழுத்து விமானத்தின் மூக்கை உயர்த்து” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் முள் 70ஐ நெருங்கிவிட்டது. தாளில் நல்ல வாக்கியம்தான். ஓடும் விமானத்தில் அதற்கு நேரமில்லை. விளக்கத்தையெல்லாம் பிரேக்கை விடுவதற்கு முன்னால் நகர்த்தினேன். 55இல் “இப்ப இழு.” தரை விட்டதும் “போதும், அப்படியே பிடி.” அவ்வளவுதான். பையன் இழுத்தான், செஸ்னா ஆடாமல் ஏறியது.

“அத்தை, இறங்குறதுக்கும் போட்டுக் குடுங்க” என்கிறான். இறங்கும்போது ஃபிளாப்பை 10, 20, 30 பாகை என்று படிப்படியாக இறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல்லுக்கு மேல் போகக்கூடாது. நாளை மாலை உட்கார்ந்து எழுத வேண்டும்.