கவுண்டருக்கு வெளியே

1932இல் ஓர்னுல்வ் ஓடெகோர் என்ற நார்வே மனநல மருத்துவர் ஓர் ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய நார்வேக்காரர்களிடையே மனச்சிதைவு நோய், ஊரிலேயே தங்கிவிட்டவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. நிலைகொள்ளாத மனம் உள்ளவர்களே கப்பலேறியிருப்பார்கள் என்று அவர் கருதினார். சௌகரியமான முடிவு, போய்ச் சேர்ந்த இடத்தின்மேல் பழியில்லை.

2001இல் தென் லண்டனைப் பற்றி வந்த ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வெள்ளையரல்லாத சிறுபான்மையினர் குறைவாக உள்ள வட்டாரங்களில் அவர்களுக்கு இந்நோய் அதிகம்; நிறைய இருக்கும் இடங்களில் குறைவு. கிளம்பிய மனம்தான் காரணமென்றால் வட்டாரத்துக்கு வட்டாரம் இது மாறுவானேன்? பக்கத்தில் தன்னைப்போல் நாலு பேர் இருப்பதே ஒரு காப்பு என்று தோன்றுகிறது.

என் கவுண்டருக்கு மாதாமாதம் ஓர் ஒடியாப் பையன் வருவான், வீட்டுக்குப் பணம் அனுப்ப. செலானை நானே நிரப்பித் தருவேன். எங்களுக்குள் பொதுவான பாஷை எண்கள்தாம். ஒரு நாள் வெறுங்கையோடு வந்து அரைமணி நேரம் நின்றான். நல்ல கூட்டம். ‘என்ன வேணும்?’ என்றேன், தமிழில். தலையாட்டிவிட்டுப் போனான். பிறகு வரவில்லை.

அந்நியமாதல் பற்றி இதே பக்கங்களில் மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். ‘உட்கார்’ என்பதற்கு அவன் பாஷையில் என்ன சொல் என்று இன்னும் எனக்குத் தெரியாது.