விசிட்டர் நோட்டு

திருப்பூர்,
ஞாயித்துக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுறது. நானும் மாமாவும் பிள்ளைகளும் சௌக்கியம். நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் பதினோரு நிமிஷம் ஓடுது. புதன்கிழமை ஒன்றரை ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி வேன்ல வரும்போது பாதி கேட்டேன், சோறு வடிக்கும்போது மீதியைக் கேட்டேன். பதிலும் அப்படியே பேசி அனுப்பலாம்தான். ஆனா இந்த லைன் வீட்டுல ரெண்டு வீட்டுக்கு ஒரே சுவரு. நான் இங்க கேள்வி கேட்டா பக்கத்து வீட்டம்மா அங்கிருந்து பதில் சொல்லும். அதான் பெரியவனோட ரூல்டு நோட்டுல நாலு தாளைக் கிழிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன். லெட்டர் எழுதியே பன்னிரண்டு வருஷம் ஆச்சு. கை வலிக்குது.

நீ கேட்டது இதுதானே? வளாகத்துக்குள்ள இருக்கிற அந்தப் புது ஹாஸ்டல் அபார்ட்மென்ட் பிளாக்கைக் காலி பண்ணிட்டு, கூடப் படிக்கிற ரெண்டு பிள்ளைகளோட வெளிய வீடு எடுத்துக்கலாமான்னு. ஒரு பிளாட்டுக்குள்ள மூணு ரூம், ஒரு ஹால், பேருக்கு ஒரு கிச்சன், ஆறு பேரு. கிச்சன் இருந்தும் அடுப்பு வைக்கக் கூடாது, இண்டக்‌ஷன் ஸ்டவ்வைப் பிடுங்கிட்டாங்க. சாயங்காலம் ஆறரைக்குக் கேட்டைச் சாத்திடுறாங்க, பையன்களுக்கு மட்டும் ஒன்பது. மெஸ் பில்லுல ஏதோ குளறுபடி. கடைசியா, "ஜெயில் மாதிரி இருக்குக்கா"ன்னு சொன்ன.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பெறகு சிரிச்சது தப்புன்னு பட்டுச்சு.

முதல்ல வீட்டுக் கணக்கைப் பேசிடுவோம், அது சின்ன விஷயம். நாங்க இருக்கிறது ஒரு ரூமும் ஒரு சமையல் தடுப்பும். வாடகை நாலாயிரம், அட்வான்ஸ் இருபதாயிரம். கரண்டுக்கு ஓனர் தனி மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எட்டு ரூபா வாங்குறாரு. எட்டு வீட்டுக்கு ரெண்டு பாத்ரூம். போர் தண்ணி உப்பு, ஆத்துத் தண்ணி வர்ற அன்னிக்குக் குடத்தோட நிக்கணும். நீங்க மூணு பேரும் வாடகை, அட்வான்ஸ், கேஸ், தண்ணி கேன், பஸ் எல்லாம் சேர்த்துப் போட்டுப் பாரு. அதுவும் போக, கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு வீடு விடுற ஓனர் கேட்டைத் திறந்தா வச்சிருப்பாரு? "பத்து மணிக்கு மேல யாரும் வரக் கூடாது, பசங்க வந்தா அன்னிக்கே காலி"ம்பாரு. வார்டனுக்கு மேல ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு. ஓனருக்கு மேல யாரு இருக்கா?

இப்ப அந்த ஜெயில் விஷயத்துக்கு வர்றேன்.

2010-ல நான் மில்லுக்குப் போனப்ப உனக்கு எட்டு வயசு, மூணாவது படிச்ச. ஆண்டிபட்டியில இருந்து ஏஜென்ட் ஒருத்தர் எங்க அஞ்சு பேரை ஏத்திக்கிட்டுப் போனாரு. சுமங்கலித் திட்டம்னு பேரு. மூணு வருஷம் மில் ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்த்தா, முடிவுல மொத்தமா நாற்பதாயிரம், கல்யாணச் செலவுக்கு ஆகும்னாங்க. தேனி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர்னு மழை பொய்க்கிற ஊர்ப் பொண்ணுங்க ஒவ்வொரு ரூம்லயும் இருந்தாங்க. பல்லடத்துக்கு அந்தாண்ட மில், அதே காம்பவுண்டுக்குள்ள ஹாஸ்டல், மெஸ், ஒரு சின்னப் பிள்ளையார் கோயில், ஒரு பெட்டிக்கடை. நீ இப்ப "எல்லாமே கேம்பஸுக்குள்ளயே இருக்குக்கா, வெளிய போகவே வேணாம்"னு முதல் மாசம் சொன்னியே, நானும் அதையேதான் சொன்னேன்.

எனக்கு ஸ்பின்னிங்ல சைடு பார்க்கிற வேலை. நூல் ஓடிக்கிட்டே இருக்கும், நாம நடந்துக்கிட்டே இருக்கணும். இழை அறுந்தா ஓடிப் போய் ஒட்டணும். விரல்ல எடுத்துக் கொண்டு சேர்க்கிற அந்த ஒரு நொடி கை நடுங்கினா மறுபடி அறும். இழை அறாம இருக்க உள்ள எப்பவும் ஈரப்பதமா, புழுக்கமா வச்சிருப்பாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா புருவத்துல பஞ்சு, மூக்குல பஞ்சு. ரூம்ல பன்னிரண்டு பேரு. நைட் ஷிஃப்ட் போனவ படுக்கிற பாயில பகல் ஷிஃப்ட்காரி எந்திரிச்ச சூடு அப்படியே இருக்கும்.

இதெல்லாம் கஷ்டம்தான், இல்லேங்கல. ஆனா எனக்கு ஆறாம இருக்கிறது வேற.

2011 ஜனவரி கடைசியில, திருப்பூர் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி சென்னை ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சு. நொய்யல் ஆறு அவ்வளவு கெட்டுக் கிடந்தது, அந்தத் தீர்ப்பைக் குத்தம் சொல்ல முடியாது. சாயம் இல்லைன்னா துணி நகராது, துணி நகரலைன்னா நூலை யாரு வாங்குவா? எங்க மில்லுல கோன் பெட்டி கூரை முட்ட அடுக்கிக் கிடந்துச்சு. சில நாள் பாதி ஸ்பின்னிங் ஃப்ரேமை நிறுத்திட்டாங்க. வேலை இல்லை, கூலியும் இல்லை. "அப்ப ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வர்றோம்"னு நாங்க நாலு பேரு கேட்டோம். அவுட்பாஸ் தரல. பொங்கலுக்குத்தானே போயிட்டு வந்தீங்கன்னுட்டாங்க.

அன்னிக்குத்தான் எனக்கு வெளங்குச்சு. அதுவரைக்கும், வேலை நடக்கணும், அதுக்காகத்தான் கேட்டுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். வேலையே இல்லாத நாள்லயும் அது பூட்டித்தான் கிடந்துச்சு.

அப்ப செல்போன் வச்சுக்க விட மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் போன்ல அஞ்சு நிமிஷம், பக்கத்துல வார்டன் நிக்கும். அதனாலதான் லெட்டர். அதையும் ஒட்டாமக் குடுக்கணும். "நான் நல்லா இருக்கேன், சாப்பாடு நல்லா இருக்கு, வாரம் ஒரு முட்டை போடுறாங்க"ன்னு மாசாமாசம் எழுதினேன்ல? நீதானே அதை எழுத்துக் கூட்டி அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவ? அம்மா இன்னும் சொல்லும், "பாப்பா வாசிக்கிறப்ப பெரியவ எதிர்ல உட்கார்ந்து பேசுற மாதிரியே இருக்கும்"னு. பாப்பா, முட்டை ஒண்ணைத் தவிர அதுல மத்ததெல்லாம் பொய். உன் வாயால அம்மாகிட்ட அத்தனை பொய்யையும் நான்தான் சொல்ல வச்சேன். இத்தனை வருஷமா இதைச் சொல்லணும்னு இருந்துச்சு.

இப்ப இருக்கிற கம்பெனியில என்னைப் பெண்கள் புகார்க் குழுவுல போட்டிருக்காங்க. வெளிநாட்டுக்காரன் ஆர்டர் குடுக்கணும்னா ஆடிட் வருவான், அப்ப குழு இருக்கான்னு கேப்பான், அதான். மொதல்ல பேருக்குத்தான் போனேன். ட்ரெய்னிங் எடுக்க வந்த மேடம் ஒரு நாள், 2011 மே மாசம் நெதர்லாந்துல ரெண்டு அமைப்புங்க சேர்ந்து சுமங்கலித் திட்டத்தைப் பத்தி ஒரு அறிக்கை போட்டதைச் சொன்னாங்க. நான் உள்ள இருந்த அதே வருஷம். நான் எப்படி இருக்கேன்னு நெதர்லாந்துல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, ஆண்டிபட்டியில இருந்த அம்மாவுக்குத் தெரியல. அன்னிக்கு டீ டைம்ல நான் டீ குடிக்கல.

அதே மேடம்தான் இன்னும் ரெண்டு விஷயம் சொன்னாங்க, உனக்காகக் குறிச்சு வச்சுக்கிட்டேன். பொம்பளைங்க, பிள்ளைங்க தங்குற ஹாஸ்டல் நடத்தணும்னா கலெக்டர்கிட்ட உரிமம் வாங்கணும்னு 2014-ல தமிழ்நாட்டுல சட்டம் வந்திருக்கு. அடுத்தது உங்க படிப்புக்காரங்களுக்கே ஆனது: யூ.ஜி.சி. 2015-ல போட்ட பாலியல் தொல்லை தடுப்பு விதிகள்ல, பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகள் விடுதிக்கு மட்டும் மாணவர்களைவிடக் கட்டுப்பாடு கூட வைக்கக் கூடாதுன்னு எழுதியே இருக்காம். 2022-ல கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரிப் பிள்ளைங்க ராத்திரி ஒன்பதரைக் கட்டுப்பாட்டை எதிர்த்து கேரளா ஹைகோர்ட்டுக்கே போயிருக்காங்க. ஒன்பதரையே பத்தாதுன்னு அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. நீ ஆறரைக்கு மூட்டை கட்டுறேங்கிற.

உடனே கோர்ட்டுக்குப் போன்னு சொல்லல. நீ படிக்கப் போயிருக்க. ஆனா ஆறரையா ஒன்பதான்னு யாரு முடிவு பண்ணினா, எந்தச் சர்க்குலர்ல இருக்குன்னு எழுத்துல கேளு. தனியாப் போகாத. உன் பிளாக்குல அறுபது பேரு இருக்கீங்கன்ன, குறைஞ்சது நாற்பது கையெழுத்து வாங்கு. தனியாப் போறவளுக்கு அப்பாவுக்குப் போன் போகும், நாற்பது பேரு அப்பாவுக்கும் போன் போட ஆபீஸ்ல ஆள் கிடையாது. நாங்க நாலு பேரு போய்க் கேட்டோம், அதான் நடக்கல. நானூறு பேரு இருந்தோம் உள்ள.

மெஸ் பில்லுக்கு வர்றேன். நீ போட்டோ எடுத்து அனுப்பின தாளைப் பெரிசாக்கிப் பார்த்தேன். டிவைடிங் சிஸ்டம் புரியலேன்ன. செக்கிங்ல டஜன் கணக்குப் பார்த்துப் பழகின கண்ணுக்கு இது கஷ்டமே இல்லை. அந்த மாசம் மெஸ்ஸுக்கு ஆன மொத்தச் செலவு 2,10,000. எல்லாரும் சாப்பிட்டதாக் கணக்கு வச்ச நாள் மொத்தம் 1,750. வகுத்தா ஒரு நாளைக்கு 120 ரூபா. உனக்கு 31 நாளும் போட்டு 3,720. ஆனா நீ ஆறு நாள் ஊர்ல இருந்த. ரெண்டு நாளைக்கு முன்னாடியே ரெடக்‌ஷன் நோட்டுல கையெழுத்துப் போடல, அதனால 720 ரூபா போச்சு. இது உன் சோம்பேறித்தனம், மெஸ்ஸைத் திட்டாத. ஆனா ஒண்ணு பார்த்தியா, பருப்பு, எண்ணெய், கேஸ் எல்லாம் வரிசையா இருக்கு, கடைசியில "இதர" 19,000. அது என்ன இதர? அதைக் கேக்கணும். மெஸ் ரெப் எலெக்‌ஷன் வருதுன்னியே, நில்லு. மெஸ் மாஸ்டரோட போய் ஒரு நாள் காய் வாங்கிட்டு வா. கணக்கு நோட்டைக் கையில வச்சிருக்கிறவகிட்ட வார்டன் பேசுற தோரணையே மாறும் பாரு.

இன்னொண்ணும் சொல்லணும், நீ நம்ப மாட்ட. அந்த மில் ஹாஸ்டல் எனக்கு இன்னும் கனவுல வருது, எல்லாமே கெட்ட கனவு இல்லை. ஞாயித்துக்கிழமை தலைக்கு ஊத்திட்டு மொட்டை மாடியில பன்னிரண்டு பேரும் ஒருத்தி தலையை ஒருத்தி பேன் பார்த்துக்கிட்டு வரிசையா உட்கார்ந்திருப்போம். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப சிவகாசிப் பக்கத்துப் பொண்ணு என் சைடையும் சேர்த்துப் பார்த்தா. அவதான் இன்னிக்கும் என் பெரியவன் பொறந்த நாளுக்கு மொதப் போன் பண்ணுவா. உன் பிளாட்டுல ஆறு பேரு இருக்கீங்க. ஒருத்தி குறட்டை விடுறா, ஒருத்தி உன் ஷாம்பூவை எடுக்குறான்னு பதினோரு நிமிஷத்துல நாலு நிமிஷம் அதையே சொன்ன. எடுத்துட்டுப் போகட்டும்.

இப்ப எங்க கம்பெனி ஹாஸ்டல்ல ஒடிசா, ஜார்க்கண்ட் பொண்ணுங்கதான் நிறைய. போன வாரம் ஓவர்லாக் அடிக்கிற பொண்ணு ஒண்ணு ஒரு தாளை நீட்டி, "தீதி, க்யா லிக்கா ஹை"ன்னுச்சு, என்ன எழுதியிருக்குன்னு. அவுட்பாஸ் பாரம். முழுக்கத் தமிழ்ல அடிச்சிருந்துச்சு, அவ கையெழுத்துப் போட வேண்டிய தாளு, அவளுக்கே படிக்கத் தெரியல. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தியில வரி வரியாச் சொன்னேன். நாளைக்கு எச்.ஆர்.கிட்டப் போய், இந்தியிலயும் ஒடியாவுலயும் அடிச்சு வைங்கன்னு குழு சார்பா எழுதிக் குடுக்கப் போறேன். எழுத்துப் பிழை இருக்கும். எழுதிட்டு உனக்கு வாட்ஸப்ல அனுப்புறேன், திருத்திக் குடு.

நான் மூணு வருஷம் முடிச்சு வெளிய வந்தப்ப நாற்பதுல பிடித்தம் போக முப்பத்தோராயிரம் குடுத்தாங்க. கல்யாணத்துக்குன்னு வாங்கின அந்தப் பணத்துல பாதி உன் ஆறாம் வகுப்புக்குப் போச்சு. சொல்லிக் காட்டலடி. கோவத்துல காலி பண்ணிட்டு வந்துடாதன்னு சொல்றேன். கேட்டுப் பாரு, கணக்குப் பாரு, அதுக்கப்புறமும் முடியலேன்னா மார்ச்சுக்கு மேல நானே வந்து வீடு பார்த்துத் தர்றேன். அட்வான்ஸுக்குச் சீட்டு எடுத்துக்கலாம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். காலையில பஸ் ஏறினா பதினொண்ணுக்குள்ள உன் கேட்டுக்கு வந்துடுவேன். சீரகச் சம்பா பிரியாணி கொண்டு வர்றேன், ஆறு பேருக்கும். எக்ஸ்போர்ட் மிச்சம் டீ-ஷர்ட் நாலு எடுத்து வச்சிருக்கேன், நேவி புளூ உனக்கு.

நீ மூணாவது படிக்கிறப்ப அம்மாவும் நீயும் ஒரு தடவை என்னைப் பார்க்க மில்லுக்கு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? விசிட்டர் நோட்டுல பேரெழுதி, கேட்டுக்குப் பக்கத்து ஷெட்டுல கால் மணி நேரம் உட்கார வச்சாங்க. நீ முறுக்கு டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு, "அக்கா, உன் ரூமைக் காட்டு"ன்னு அழுத. காட்ட முடியல.

உங்க வார்டன்கிட்ட முன்னாடியே கேட்டு வை, ரூம் வரைக்கும் விடுவாங்களான்னு. எழுத்துலயே கேளு.

அன்புடன்,
அக்கா