தேன் கரடியின் பள்ளிக்கூடம்

போர்னியோத் தீவின் வடகிழக்குக் கரையில், மலேசியாவைச் சேர்ந்த சபா மாநிலத்தில், சண்டகான் என்னும் துறைமுகப் பட்டணம் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் சென்றால் செபிலோக் வனத்தை அடையலாம். யாத்திரிகர்களில் பெரும்பாலோர் ஒராங்குட்டான் குரங்கைக் காணவே அங்கு வருகிறார்கள். நாமும் அவ்வாறே சென்றோம். ஆயினும் நம் மனத்தைக் கவர்ந்தது பக்கத்திலுள்ள கரடிக் காப்பகந்தான். வோங் சியூ தே என்ற வனவிலங்கு நிபுணர் 2008-ம் வருஷம் இதை நிறுவினார். 2014 முதல் பொதுமக்களும் சென்று பார்க்கலாம்.

உலகிலுள்ள எட்டு வகைக் கரடிகளில் மிகச் சிறியது இது. எடை பெரும்பாலும் 65 கிலோவைத் தாண்டுவதில்லை. நம் நாட்டுக் கரடிக்கு உள்ள சடைமயிர் இதற்கு இல்லை. குட்டையான கறுப்பு ரோமந்தான். மார்பிலே உதய சூரியன் போன்ற மஞ்சள் அடையாளம் இருப்பதால் சூரியக் கரடி என்கிறார்கள். ஒன்றின் அடையாளம் மற்றொன்றுக்கு இராது என்பது விசேஷம். மலாய்க்காரர் இதற்கு இட்ட பெயர் தேன் கரடி.

அப்பெயர் மிகவும் பொருத்தமே. மரப்பொந்தில் கொட்டாத சிறு தேனீக்கள் கூடு வைத்திருந்தால், நகத்தாலும் பல்லாலும் மரத்தையே பிளந்து, 25 சென்டிமீட்டர் வரை நீளும் நாக்கை உள்ளே விட்டுத் தேனை நக்கிவிடும். கறையான், வண்டுப் புழு, அத்திப்பழம் ஆகியவையும் இதன் ஆகாரம். வருஷம் முழுவதும் ஏதேனும் இரை அகப்படுவதால், குளிர்நாட்டுக் கரடிகளின் நெடுந்தூக்கம் இதற்குத் தேவையில்லை. உண்ட பழத்தின் விதைகளைத் தொலைதூரம் கொண்டுபோய் விதைப்பதும் இதுவே. இது பிளந்த பொந்தில் பிற்பாடு இருவாட்சிப் பறவை குடியேறுவதும் உண்டு.

இத்தகைய பிராணிக்கு அதன் அழகே சத்துருவாயிற்று. 1821-ல் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டிய ராபிள்ஸ் துரை, தம் வீட்டிலேயே ஒன்றைக் குழந்தைகளுடன் வளர்த்தார். பழங்களில் மங்குஸ்தான் தவிர வேறெதையும் அது தொடாதென்று எழுதிவைத்தார். இக்காலத்திலோ, தாயைக் கொன்றுவிட்டுக் குட்டியை விற்கிறார்கள். குட்டி வளர்ந்து நகமும் பல்லும் வலுத்ததும் வாங்கியவர் அஞ்சிக் கூண்டில் அடைக்கிறார். பித்தநீருக்காகக் கொல்லப்படுபவையும் உண்டு. காடுகளோ செம்பனைத் தோட்டங்களாக மாறி வருகின்றன.

தாயற்ற குட்டிக்கு மரமேறவும், கறையான் தோண்டவும் கற்பிப்பவர் யார்? காப்பகத்தார் அதனுடன் காட்டிலே நடந்து, அது தானாகவே கற்குமாறு பொறுமையுடன் காத்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் சிமெண்டுத் தரையில் கிடந்த கரடி, மண்ணில் கால் வைக்கவே நடுங்குமாம்.

2015-ல் நாதாலி என்ற பெண்கரடியை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சென்று தாபின் வனத்தில் விட்டார்கள். காப்பகத்திலிருந்து காடு திரும்பிய முதல் கரடி அதுவே. ஆசிரியராகிய நமக்கு, பழைய மாணாக்கர் நம்மை நினைத்து வந்து வணங்கினால் பெருமை. அந்தக் காப்பகத்தாருக்கோ, தம் மாணாக்கர் மனித வாடையே மறந்து வனத்தில் மறைந்துவிட்டால்தான் திருப்தி. அப்படி மறைவதற்கு வனம் மிஞ்ச வேண்டும். அது மனிதர் கையில் இருக்கிறது.