எண்ணும் அலகும் உயிரும்

எண் தனித்து நின்று பொருளை முற்ற உணர்த்துவதில்லை. பத்து என்றால், பத்துப் படியா, பத்து மரக்காலா என்று கேட்கிறோம். அளவுச்சொல் வந்து சேர்ந்த பின்னரே எண் உலக வழக்கிற்குப் பயன்படுகிறது. வகுப்பறையில் ஆண்டுதோறும் யாம் சொல்லிவரும் இவ்வெளிய செய்தி ஒரு சிறுவனின் உயிரை ஊசலாட வைத்தது என்பதை அறிந்தபோதுதான், மருத்துவர்க்கென்றே 'மருத்துவத் தகவலியல்' என்னும் தனிப்பயிற்சி ஏன் வேண்டப்பட்டது என்பது எமக்குத் தெளிவாயிற்று.

எம் தமக்கையாரின் மகன் அமெரிக்காவில் குழந்தை மருத்துவம் பயின்று முடித்தவன். அதன்பின் இத்துறையில் இரண்டாண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தான். தமக்கையார்க்கு மனம் ஆறவில்லை. "பிள்ளைகளின் நாடி பார்க்கப் படித்தவன் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போகிறானே!" என்று வருந்தினார். எமக்கும் அவ்வருத்தம் உண்டு. அவனையே கேட்டோம். "மாமா, 2013-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்ததைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றான்.

அந்நகரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்ததை, அங்குப் பணியாற்றும் பேராசிரியர் ராபர்ட் வாக்டர் 2015-இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். 16 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செப்ட்ரா என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை ஒன்று தரப்பட வேண்டும். அதில் உள்ள மருந்தின் அளவு 160 மில்லிகிராம். மருத்துவர் கணிப்பொறியில் 160 என்றே பதிந்தார். எண்ணில் பிழையில்லை. ஆயின் திரையில் இருந்த அலகோ 'மில்லிகிராம்' அன்று. 'ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம்' என்பது. சிறுவனின் எடை 38.6 கிலோ. கணிப்பொறி பெருக்கிப் பார்த்து, ஒரு மாத்திரைக்கு மாறாக முப்பத்தெட்டரை மாத்திரை என முடிவு செய்தது.

அது எச்சரிக்காமலும் இல்லை. ஆனால் நாள்தோறும் பொருளற்ற எச்சரிக்கைகளைக் கண்டு சலித்த கண்கள் இதனையும் அவற்றுள் ஒன்றெனக் கருதிக் கடந்தன. மருத்துவர் கடந்தார், மருந்தாளுநரும் கடந்தார். மருந்தகத்து இயந்திரம் மாத்திரைகளை ஒழுங்காகப் பொதிந்தது. செவிலிக்கு ஐயம் எழுந்தது. எனினும் பட்டைக்கோட்டுக் கருவி 'சரி' என்றது. சிறுவன் அத்தனையையும் விழுங்கினான். பின்னர் வலிப்புக் கண்டது. இறைவன் அருளால் பிழைத்தான்.

இங்கே சோம்பியிருந்தவர் எவரும் இலர். ஒவ்வொருவரும் தமக்கு முன் நின்றவரை நம்பினர்; எல்லாரும் பொறியை நம்பினர். திரையை அமைத்த பொறியாளர் நோயாளியின் கட்டிலருகே நின்றறியாதவர்; கட்டிலருகே நின்ற மருத்துவரோ திரையின் உள்ளமைப்பை அறியாதவர். இவ்விரு கரைகளுக்கும் இடையே பாலமாக நிற்க ஒருவர் வேண்டும். அவரை உருவாக்குவதே இப்பயிற்சியின் நோக்கம் எனலாம்.

அமெரிக்க மருத்துவச் சிறப்புத்துறை வாரியம் 2011-இல் இதனை ஒரு துணைச் சிறப்புத்துறையாக ஏற்றது. 2013-இல் முதல் தகுதித் தேர்வு நடைபெற்றது. 2014 முதல் முறையான பயிற்சி நிலையங்கள் ஏற்பிசைவு பெறலாயின. ஏற்கெனவே ஒரு மருத்துவத் துறையில் தேர்ந்தவரே இதில் சேர இயலும். மருத்துவ முடிவுகளுக்குக் கணிப்பொறி எவ்வாறு துணைநிற்பது, தகவல் அமைப்புகளை எவ்வாறு தேர்ந்து நிறுவுவது, பழகிய வழக்கத்தை மாற்றும்போது பணியாளர்களை எவ்வாறு அழைத்துச் செல்வது என்பன பாடங்கள். எம் மருமகன் முதலில் செய்த வேலை, எந்த எச்சரிக்கைகள் படிக்கப்படாமலே தள்ளப்படுகின்றன என்று எண்ணியதுதானாம். "நூறில் தொண்ணூறை நீக்கினால்தான் மாமா, மீதிப் பத்தை மனிதன் படிப்பான்" என்றான். வீண்சொல் மிகுந்தால் மெய்ச்சொல்லும் செவியேறாது என்பதை அவன் வேறு சொற்களில் சொல்வதாகவே எமக்குப் பட்டது.

பொறி நல்லதா தீயதா என்ற வினாவே பொருந்தாதது. பிட்ஸ்பர்க் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் மருந்தாணைகளைக் கணிப்பொறியில் பதியும் முறை புகுந்தபின், பிற இடங்களிலிருந்து மாற்றிக் கொணரப்பட்ட குழந்தைகளின் இறப்பு 2.80 விழுக்காட்டிலிருந்து 6.57 ஆக உயர்ந்தது என 2005-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குழந்தை வந்து சேருமுன் ஆணை பதிய இயலாமை, மருந்தை நடுவண் மருந்தகத்தில் பூட்டி வைத்தமை, மருத்துவரும் செவிலியரும் கட்டிலை விட்டுத் திரைமுன் அமர நேர்ந்தமை ஆகியவற்றை ஆய்வாளர் சுட்டினர். அடுத்த ஆண்டே சியாட்டிலிலிருந்து மற்றோர் ஆய்வு வந்தது. அங்கும் அதே நிறுவனத்தின் மென்பொருள்தான். ஆயின் முன்னேற்பாடுகளோடு புகுத்தியமையால் இறப்பு உயரவில்லை. வேறுபட்டது பொறி அன்று. அதனைப் பணியிடத்தில் பொருத்திய மனிதரின் அறிவே.

மருமகன் இன்றும் வாரத்தில் ஒருநாள் குழந்தைகளைப் பார்க்கிறான். மற்றைய நாள்களில் அவன் தொடாத குழந்தைகளை அவன் திருத்திய திரை காக்கிறது என்று தமக்கையாரிடம் சொன்னோம். அவர் பாதி மனத்தோடுதான் ஏற்றார். அந்தப் பாதித் தயக்கமும் நன்றே. பயிற்சி பெற்ற மருத்துவன் கட்டிலை மறந்து முழுவதும் திரைக்கே உரியவனாகிவிட்டால், அவனும் அலகை மறந்த எண்ணாகிவிடுவான் அல்லவா?

அறிவியல் பயிலும் மாணவச் செல்வங்கள், தமிழ் வகுப்பு வெறும் மதிப்பெண்ணுக்கானது என்று எண்ணற்க. எழுதியதை மறுமுறை படிப்பதும், ஒரு சொல் எதனைக் குறிக்கிறது என்று நின்று கேட்பதும் மொழிப்பயிற்சி தரும் பழக்கங்கள். நாளை அவர்கள் தட்டப்போகும் எண்ணுக்கு அப்பால் ஓர் உயிர் படுத்திருக்கலாம்.